அத்தை சிரித்த வருடம்

நம் வயதுக்காரர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். மாத்திரை டப்பாவில் கிழமை பார்த்து எடுத்து விழுங்கியதும் பழசைப் பேச உட்கார்ந்துவிடுகிறோம். அந்தக் காலத்து மழை, அந்தக் காலத்துச் சாப்பாடு, அந்தக் காலத்துப் பக்தி என்று எல்லாவற்றுக்கும் சர்க்கரை தூவித்தான் எடுத்துவைக்கிறோம். எனக்கும் இனிப்பு ஆகாது, டாக்டரும் வேண்டாம் என்கிறார். அதனால் நான் சொல்லப்போவதில் அது இருக்காது. ஒரு புத்தாண்டுக் காலையில் ஆரம்பித்து, அடுத்த புத்தாண்டு வருவதற்கு முன்பே முடிந்துபோன ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் பக்கம் இன்றைக்குப் போனால் கம்பெனி வேன்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதற்குத்தான் நேரம் சரியாக இருக்கும். டீக்கடையில் இந்தியில் பேசினால்தான் டீ சீக்கிரம் வருகிறது. அப்போது அங்கே சோளக்காடும், காட்டுக்கு நடுவே பனியன் துணி பின்னும் இரண்டு மூன்று நிட்டிங் கொட்டகைகளும்தான் இருந்தன. எங்கள் கோயிலும் கொட்டகைதான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு, முன்னால் ஒரு சிமெண்ட் சிலுவை. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் காட்டு வேலைக்கும் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்தால் யார் எந்த வேலை என்று கைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் அப்பாவின் கைகள் சாயப்பட்டறைக் கைகள். அந்த வாரம் என்ன கலர் ஓடியதோ அந்தக் கலரில் நகங்கள் இருக்கும்.

அப்பாவின் தங்கையும் அவர் வீட்டுக்காரரும் அடுத்த சந்தில் குடியிருந்தார்கள். அத்தை ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். மாமா நிட்டிங் மெஷின் ஓட்டினார். கல்யாணம் ஆகிப் பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. குண்டடத்தில் இருந்த மாமாவின் சொந்தக்காரர்கள் கோயிலுக்கு வராதவர்கள். அவர்கள் வரும்போதெல்லாம், இன்னொரு பெண்ணைக் கட்டி வைக்கலாமே என்று அத்தை காதுபடவே பேசுவார்கள். அத்தை அவர்களுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, "பொண்ணு சமைக்கத் தெரிஞ்சவளாப் பாருங்க, எனக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்குமுங்க" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைச் சொல்லியாக வேண்டும். முதலில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு இரண்டு கையையும் தட்டிக்கொண்டு ஒரேயடியாக வெடிக்கும். கம்பெனியில் தையல் மெஷின் பூட்டிய பவர் டேபிள்கள் எல்லாம் ஓடும்போதும் அது கேட்குமாம், சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பாராம். எனக்கு அத்தை என்றால் முதலில் நினைவுக்கு வருவது முகமல்ல, அந்தச் சத்தம்தான்.

எங்கள் கோயிலில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேதத்தில் ஆண்டவர் கொடுத்த வாக்குகளை ஆளுக்கொன்றாக எழுதித் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வருவது அந்த வருடம் முழுவதற்கும் உங்களுக்கென்று ஆண்டவர் சொன்ன சொல். ஊரில் மற்ற இடங்களில் அச்சடித்த ரோஜாப்பூ அட்டை வாங்குவார்கள். எங்கள் கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார் சிக்கனக்காரர். பனியன் பெட்டி அட்டையை வெட்டித் தானே எழுதுவார். ஒரு பக்கம் வசனம் இருக்கும், மறுபக்கம் திருப்பினால் பனியன் போட்ட ஒரு ஆளின் தோளோ மீசையோ பாதியாக இருக்கும். பிள்ளைகள் நாங்கள் அட்டைகளைச் சேர்த்து முழு ஆளைக் கொண்டுவரப் பார்ப்போம்.

அந்த வருடம் அத்தை எடுத்த அட்டையில், அடுத்த வருடம் இதே காலத்தில் உனக்கு ஒரு மகன் இருப்பான் என்று ஆபிரகாமின் மனைவி சாராளுக்குச் சொல்லப்பட்ட வாக்கு இருந்தது. எல்லோரும் தங்கள் அட்டையைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது முறை. அத்தை பாதி வாசித்தாள். தோள் குலுங்கியது. எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது வெடிக்கப்போகிறது என்று. வெடித்தது. கையைத் தட்டிக்கொண்டு, "எனக்குங்களா?" என்று சிரித்தாள்.

கோயில் திரும்பிப் பார்த்தது. உபதேசியார் கோபக்காரர் அல்ல, ஆனால் அன்றைக்கு அவர் முகம் வேறாக இருந்தது.

"ஏம்மா சிரிச்சே?" என்றார்.

அத்தை பயந்துவிட்டாள். "நான் சிரிக்கலீங்க ஐயா" என்றாள்.

வேதம் படித்தவர்களுக்கு இதில் என்ன என்று புரிந்திருக்கும். அந்தக் கதையில் சாராளும் வயதான காலத்தில் இதைக் கேட்டுச் சிரிக்கிறாள். ஏன் சிரித்தாய் என்று கேள்வி வந்ததும், பயத்தில் சிரிக்கவில்லை என்கிறாள். இல்லை, சிரித்தாய் என்று ஆண்டவர் சொல்கிறார். உபதேசியாரும் தன்னை அறியாமல் அதையே சொன்னார். "இல்ல, சிரிச்சே." சொல்லிவிட்டு அவருக்கே உடம்பு சிலிர்த்தது. பாயில் இருந்த பெண்கள் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். யாரோ அழ ஆரம்பித்தார்கள். அட்டை வந்தது, சிரிப்பும் வந்தது, மறுப்பும் வந்தது, இனிப் பிள்ளை ஒன்றுதான் பாக்கி என்று அந்த நிமிடத்தில் முழுக் கோயிலும் முடிவு கட்டிவிட்டது.

என் அம்மா மட்டும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமாவைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். ஒரு கெட்டவனைத் திட்டி மனதை ஆற்றிக்கொள்ள வழியில்லை. ஷிப்டுக்குப் போகுமுன் வேதம் வாசிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். வருடத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து முடித்துவிடுவார். ஆபிரகாம் ஆண்டவரை நம்பினார், அந்த நம்பிக்கையே அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற இடம் வந்தால் அவருக்குக் குரல் தழுதழுக்கும். குண்டடத்துக்காரர்கள் அடுத்த முறை வந்தபோது வாசலிலேயே சொல்லிவிட்டார். "புள்ள வேணும்னு பொறுமையில்லாம வேலைக்காரியக் கட்டுன தப்ப ஆபிரகாமே பண்ணிட்டாருங்க. நான் பண்ண மாட்டேன். எனக்கு வாக்கு வந்திருக்குதுங்க." அவர்கள் திருதிருவென்று விழித்துவிட்டுப் போனார்கள். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பிறகு நான் பார்க்கவேயில்லை.

ஆனால் சிரிப்பை விட்டுவிட்டாள். புத்தாண்டிலிருந்தே விட்டுவிட்டாள். நான் எதையாவது கோமாளித்தனம் செய்தால் தோள் குலுங்க ஆரம்பிக்கும், உடனே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். வேணாம் சாமி, அத்தையச் சிரிக்க வெக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சுவாள். கோயில் பெண்களும் அவளைப் பார்த்தால், "சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணுனியா?" என்று கேட்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். நம்பினது நீதியாக எண்ணப்படும் என்றால், நம்பாமல் சிரித்த அந்த நிமிடம் என்னவாக எண்ணப்படும்? அதுதான் அவர்கள் கவலை. அவளுக்கும் அதே கவலைதான்.

கோடைக்கு முன்பே அவளுக்கு மாதவிலக்கு நின்றது. சித்திரை வெயிலில் வயிறு தெரிய ஆரம்பித்தது. கோயிலில் ஸ்தோத்திரம் பண்ணினார்கள். உபதேசியார் அழுதுவிட்டார்.

நம் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குத் துணிமணி எடுத்து வைக்க மாட்டார்கள், தெரியும்தானே? தொட்டில் பேச்சுக்கூட எடுக்க மாட்டார்கள். அத்தையோ கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணியைப் பையில் கட்டிக்கொண்டு வந்தாள். பனியன் வெட்டும்போது கழுத்திலும் கையிலும் மிஞ்சி விழும் வெள்ளைத் துண்டுகள். அவற்றை ஒட்டுப்போட்டு உள்ளங்கை அகலத்துக்குக் குட்டிக் குட்டிப் பனியன்களாகத் தைத்தாள். துணியில் மெஷின் ஆயில் வாசனையும் பிளீச்சிங் வாசனையும் இருக்கும். துவைத்துக் கொடியில் காயப்போடுவாள். காய்ந்ததும் மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் துவைப்பாள்.

"இதெல்லாம் இப்பவே எதுக்கு அம்மிணி?" என்று அம்மா கேட்டாள்.

"பொறந்த பொறகு தெச்சா அதுல என்னங்க விசுவாசம் இருக்குது அண்ணி?" என்றாள் அத்தை.

அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள். காரணம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்குக்கூடப் பிறகுதான் தெரிந்தது. அம்மாவும் அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு பல வருடம் ஒன்றும் இல்லாமலிருந்து, கேட்காமலே வந்தது. பெரிய பெண்ணை வைத்துக்கொண்டு இது என்ன கூத்து என்று வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, வாக்கு வாங்கியவள் கண்முன் வாக்கு இல்லாதவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதா என்ற பயம். புடவையைத் தளரக் கட்டிக்கொண்டு, அத்தை வந்தால் முறத்தையோ தலையணையையோ மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். ஊர் ஒரு வயிற்றைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அடுத்த சந்தில் இன்னொரு வயிறு ஒளிந்துகொண்டிருந்தது.

அத்தையின் வயிறு வளர வளர அவள் மற்ற இடமெல்லாம் வற்றினாள். வளையல் முழங்கை வரை ஏறியது. கழுத்தெலும்புக் குழியில் வேர்வை தேங்கி நிற்கும். பிள்ளை இழுத்துக்கொள்கிறது, ஆண் பிள்ளை அப்படித்தான் என்று பெண்கள் சொன்னார்கள். என் காதை வயிற்றில் வைத்துக் கேட்கச் சொல்வாள். நானும் கேட்டேன். கடகடவென்று ஏதோ ஓடியது. "ஓடறான் அத்தை!" என்று குதித்தேன். பசித்த வயிறு எல்லோருக்கும் அப்படித்தான் ஓடும் என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

கோயிலில் கடைசிப் பாயில் உட்கார்ந்து தூங்குகிறவர் என் அப்பா. பக்தியில் அவருக்குப் பெரிய மதிப்பெண் கிடையாது. அவர்தான் ஒருநாள் வந்து நின்றார்.

"பெரியாஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம் அம்மிணி. சும்மா பாத்துட்டு வாரதுதான்."

"பாக்கறதுன்னா சந்தேகந்தானுங்களே அண்ணா."

"எல்லாரும் பாக்கறாங்கல்ல?"

"எல்லாரும் சிரிக்கலீங்களே. நானு ஒருக்காச் சிரிச்சுட்டேன். இன்னொருக்காச் சந்தேகப்பட்டா ஆண்டவரு எத்தன தடவதான் பொறுப்பாரு?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா, "அவ இஷ்டமுங்க மச்சான். நான் தடுக்கல" என்றார். உண்மை, அவர் தடுக்கவில்லை. உபதேசியாரும் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று எங்கள் கோயிலில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை, தலைவலிக்கே ஊசி போட்டுக்கொள்கிறவர்கள்தான். அவளைப் போ என்று சொன்னால், நாளைக்கு வாக்கு தவறினால், நம்பிக்கையைக் குலைத்தது நீதான் என்று ஆகிவிடுமே என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். மத்தியானம். அம்மா வாசல் பக்கத்து அறையில் தரையில் படுத்து அசந்து தூங்கிவிட்டாள். நான் பக்கத்தில் கழற்சிக்காய் ஆடிக்கொண்டிருந்தேன். அத்தை புதிதாகத் தைத்த பனியனைக் காட்ட வந்தாள். அம்மாவின் முந்தானை விலகிக் கிடந்தது.

அத்தை நின்று பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, அம்மாவின் வயிற்றின் மேல் கையை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவள் கை சட்டென்று ஒரு துள்ளு துள்ளியது. உள்ளேயிருந்து உதைத்திருக்கிறது. அத்தை கையை எடுக்கவில்லை. மறுபடியும் உதைத்தது.

அம்மா விழித்துக்கொண்டு புடவையை வாரிச் சுருட்டினாள். "மன்னிச்சுக்க அம்மிணி, சொல்லோணும்னுதான்..." என்று அழுகையாக ஆரம்பித்தாள். அத்தைக்கு அது காதில் விழவில்லை.

"இப்புடித்தான் இருக்குமுங்களா அண்ணி?"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒதைக்கறது. இப்புடி வெளியில கையில தெரியுமுங்களா?"

அத்தை அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அழுத்தி வைத்தாள். அத்தனை மாதம் எங்கள் அம்மா அந்த வயிற்றைத் தொட்டதில்லை, தொட்டால் கண் பட்டுவிடும் என்று விலகியே இருந்தாள். இப்போது தொட்டவளின் முகத்தைப் பார்த்து நான் கழற்சிக்காயைக் கீழே போட்டேன். அந்த வயிறு கல்லாக இருந்தது என்று அம்மா பிற்காலத்தில் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

மறுநாள் அத்தையே வந்து, "அண்ணா, பஸ்சுக்கு நேரமாச்சுங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

திருப்பூரில் பார்த்துவிட்டுக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டி. சித்திரையிலேயே வந்திருந்தால் எடுத்துப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா அதை எங்களிடம் சொன்ன இரவிலிருந்து கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அத்தை படுத்துவிட்டாள். சந்தில் நுழைந்தாலே டெட்டால் வாசனையும் அதையும் தாண்டிய ஒரு வாசனையும் வரும். பனியன்களை எல்லாம் ஒரு பைக்குள் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். "ஒதைக்கறவனுக்குப் போடுங்க. நல்லாத் தொவச்சிருக்கறேன்." அம்மா அந்தப் பையைக் கட்டிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் உபதேசியார் ஜெபிக்க வந்தார். நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். மாமா தலைமாட்டில் வேதத்தோடு உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் அத்தை கண்ணைத் திறந்தாள்.

"ஐயா, நான் சிரிச்சதுனாலதானுங்களா?"

உபதேசியார் வேர்வையைத் துடைத்தார். "ஆண்டவர் சித்தம் நமக்குத் தெரியாதும்மா" என்றார்.

அத்தை மாமாவைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க. சிரிச்சதுனாலயா?"

மாமா அழுதார். அழுதாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. அந்த அறையில் அவ்வளவு பேர் இருந்தோம், ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளை அடக்கம் பண்ணினோம்.

தையில் தம்பி பிறந்தான். உபதேசியார் பழத்தட்டோடு வந்தார். பாவம், அவருக்கும் தூக்கம் போயிருக்கும், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "அடுத்த வருசம் இதே காலம்னு சொன்னது இந்தக் குடும்பத்துலயே நெறவேறிடுச்சு பாருங்க. ஈசாக்குன்னு சாராளோட மகன் பேரையே வெச்சுருவோம்" என்றார். வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதரை எதிர்த்துப் பேசியறியாத என் அம்மா, பச்சை உடம்போடு எழுந்து நின்றாள்.

"அவளுக்குச் சொன்னதத் தூக்கி எம்புள்ள தலையில வெக்காதீங்கையா. எழுந்திரிச்சுப் போயிருங்க."

தம்பிக்கு அப்பாவின் தாத்தா பேரை வைத்தார்கள். அத்தை தைத்த பனியன்களைப் போட்டுக்கொண்டுதான் வளர்ந்தான். பத்தாமல் போனதும் அப்பா தெரியாத்தனமாக ஒன்றை எடுத்துச் சைக்கிள் துடைத்துவிட்டார், அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. மற்றவை எப்படிப் போயின என்று தெரியவில்லை. ஒன்றாவது இருந்தால் இன்று கையில் வைத்துப் பார்ப்பேன்.

மாமா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்றும் அதே சந்தில்தான் இருக்கிறார், சுற்றிலும் கம்பெனிச் சுவர் எழும்பிவிட்டது. போன வருடக் கடைசியில் கண் பார்வை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் வேதம் வாசித்துக் காட்டுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை முடிக்கும் கணக்கை அவர் விடவில்லை. எனக்கு ஒன்றும் பெரிய பக்தி இல்லை, கிழவருக்காக வாசிக்கிறேன்.

இந்த வருடம் ஆரம்பத்தில் ஆபிரகாம் பகுதி வந்தது. சாராள் சிரிக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு இடம். உனக்கு மகன் பிறப்பான் என்று ஆண்டவர் ஆபிரகாமிடம் சொல்கிறார். அந்த நீதிமான் முகங்குப்புற விழுந்து, இந்த வயதிலா என்று மனதுக்குள் நினைத்துச் சிரிக்கிறார். நான் நிறுத்திவிட்டு மறுபடியும் வாசித்தேன். சிரிக்கிறார் என்றுதான் இருந்தது. ஏன் சிரித்தாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை. பெயரும் கெடவில்லை, வாக்கும் போகவில்லை. எங்கள் ஊரில் இதை ஒருவரும் பார்க்கவில்லையா?

"மாமா, இவரும் சிரிச்சிருக்காருங்களே" என்றேன்.

பக்கத்துக் கம்பெனியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும் கண்ணு. வருசா வருசம் வாசிக்கறதுதான?"

"அப்பவுமா?"

"அப்பவுந்தான். அவரு சிரிச்சா அது சந்தோசத்துல சிரிக்கறதுன்னு நெனச்சுத் தாண்டித் தாண்டிப் போயிட்டேன்." தெரியாத கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ கேட்டன்னிக்கு இத எடுத்து வாசிச்சுக் காட்டியிருக்கலாம் கண்ணு. பொஸ்தகம் எம்மடியிலதான் இருந்துது."